சொல்லிக்கொள்ளாமல் வந்த வீடு

செத்த வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது "போட்டு வாறன்" என்று சொல்லக்கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததாக நினைவில்லை. யாழ்ப்பாணத்தில் பெரியவர்கள் அந்த வீடுகளில் ஒரு கட்டத்தில் எழும்புவார்கள், யாருடைய முகத்தையும் பார்க்காமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து போய்விடுவார்கள். பார்த்துப் பார்த்து நானும் அப்படியே பழகிவிட்டேன். மெல்பேர்ண் வந்து இத்தனை வருடமாகியும் அது மாறவில்லை. இங்குள்ள நோபல் பார்க்கில் ஒரு வீட்டிலிருந்து நான் அப்படி எழும்பி வந்ததால், சொல்லப்பட வேண்டிய ஒரு சாட்சியம் சொல்லப்படாமலே போகப் பார்த்தது.

நான் ஒரு மருத்துவமனையில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, தட்டுகளில் அடுக்கி, நீராவியில் கிருமி நீக்கி அனுப்பும் பகுதியில் வேலை செய்கிறேன். ஒரு மேசைக்கு இரண்டு பேர். ஒருவர் திரையைப் பார்த்துக் கருவியின் பெயரை வாசிப்பார். மற்றவர் அதைக் கையில் எடுத்து, மூட்டுகளையும் நுனியையும் பார்த்து, இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தட்டில் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் கையில் எடுக்காமல் சொல்லக்கூடாது. இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அந்த விதிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

என் மேசையில் எதிரே நின்றவர் சிரியாவிலிருந்து வந்த பெண். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், அங்கே பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவர். மற்றத் தமிழ்ப் பெண்கள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு அவரும் "அக்கா" என்றே கூப்பிடுவார். கருவியைத் தூக்கிக் காட்டி "இருக்கு" என்று தமிழிலேயே சொல்லவும் பழகியிருந்தார். மற்றபடி நாங்கள் பேசுவது ஆங்கிலம். ஆனால் அவர் சொன்னவை என் மனதில் என் ஊர்ப் பேச்சாகவே தங்கியிருக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே குடும்பத்தின் பிடியில் இருந்த அவருடைய நாட்டில் ஆட்சி விழுந்த கிழமை, அவர் வேலைக்கு ஒரு பெட்டி இனிப்புக் கொண்டுவந்தார்.

"இனி நல்லதோ?" என்று கேட்டேன்.

"தெரியாது அக்கா. இண்டைக்கு இதைச் சாப்பிடுங்கோ. தெரிஞ்ச பிறகு தந்தால் பழசாய்ப் போயிடும்."

சில மாதங்கள் கழித்து அவர் வேலைக்கு வரவில்லை. கடற்கரைப் பக்கத்து ஊர்களில் கொலைகள் நடப்பதாகச் செய்தியில் பார்த்திருந்தேன். அவருடைய தம்பி இறந்துவிட்டார் என்று மேற்பார்வையாளர் சொன்னார். சாவு நடந்த வீட்டில் அடுப்பு எரியாது, அயலார்தான் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். நான் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் சமைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

அவருடைய கணவர் கதவைத் திறந்தார். சுவரோரமாகக் கதிரைகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தன. சின்னக் கோப்பையில் சீனி போடாத கோப்பி தந்தார்கள். தோழி என் பக்கத்தில் வந்து இருந்தார். ஆயுதம் வைத்திருந்த ஆட்கள் வீட்டுக்குள் வந்து தம்பியைச் சுட்டதாகச் சொன்னார். பிறகு குரலைத் தணித்தார்.

"அக்கா, நாங்கள் அலவி. அது என்னெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

விழுந்த ஆட்சியை நடத்திய குடும்பமும் இஸ்லாத்தின் அந்தச் சிறு பிரிவைச் சேர்ந்தது என்ற அளவில் எனக்குத் தெரிந்திருந்தது. தலையாட்டினேன்.

"தம்பி மின்சார அலுவலகத்தில கிளாக். எங்கட தெருவில மற்ற ஆக்கள் சுன்னி. அவைக்கு நாங்கள் எல்லாரும் அரசாங்கம்தான். தம்பியின்ரை சம்பளத்தைப் பாத்திருந்தால் அப்பிடி நினைச்சிருக்க மாட்டினம்."

அந்த நேரம் கதவடியில் வேறு ஆட்கள் வந்தார்கள். இடம் விடுவதற்காக நான் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினேன், சப்பாத்தைத் தேடிப் போட்டேன், வெளியே வந்தேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. காரில் ஏறும்போது, செய்ய வேண்டியதை முறைப்படி செய்தேன் என்ற திருப்திகூட இருந்தது.

அடுத்த கிழமை அவர் வேலைக்குத் திரும்பினார். அட்டவணையில் என் மேசைக்கு வேறொருவர் போடப்பட்டிருந்தார். தோழி தானாகக் கேட்டுத்தான் மேசை மாறினார் என்று மேற்பார்வையாளர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். தோழி உடுப்பு மாற்றும் அறையில் என்னைக் கண்டால் தலையை அசைப்பார். அக்கா என்ற சொல் வரவில்லை.

என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. குசினியில் தூள் போத்தல்களை எல்லாம் இறக்கித் துடைத்துத் திருப்பி அடுக்கினேன். நாட்குறிப்பில் அந்த நாளை எடுத்து வைத்துக்கொண்டு, என்ன கொண்டுபோனேன், எங்கே இருந்தேன், என்ன உடுத்தேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு பிழையும் தெரியவில்லை. என் கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதிலை என்னத்தைத் தேடுறீர்?"

"என்ன பிழை விட்டனான் எண்டு பாக்கிறன்."

"எழுதி வைச்சுச் செய்யிற பிழையோ அது? சரி, வெளிக்கிடேக்கை என்ன சொன்னனீர்?"

"செத்த வீட்டிலை என்னத்தைச் சொல்லுறது? பேசாமல் வந்தனான்."

அவர் கத்தியை வைத்தார்.

"இஞ்சேரும். அந்தப் பழக்கம் எங்களுக்கு. அவவுக்கு என்ன தெரியும்? தாங்கள் ஆர் எண்டு அவ சொல்லுறா. சொன்னவுடனை நீர் வாய் திறக்காமல் எழும்பிப் போட்டீர்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"உங்களுக்கும் இருந்திட்டு மூளை வேலை செய்யுது," என்றேன்.

"வெங்காயம் உரிச்சால் அப்பிடித்தான். கண்ணாலை தண்ணி வரும், மூளை திறக்கும். மிச்சத்தை நீர் உரியும்."

மறுநாள் தேநீர் இடைவேளையில் தோழிக்கு எதிரே போய் இருந்தேன். அவர் எழும்பப் பார்த்தார்.

"ஒரு நிமிசம் இரும். அண்டைக்கு நான் ஏன் சொல்லாமல் வந்தனான் எண்டு சொல்லவேணும். எங்கட ஆக்கள் சாவு வீட்டிலை போட்டு வாறன் எண்டு சொல்ல மாட்டினம். சொன்னால் திரும்பவும் இப்பிடி ஒரு காரியத்துக்கு வாறன் எண்டு ஆகிப்போகும். அதாலை பேசாமல் போறது. அது மரியாதை."

அவர் என் முகத்தை அளந்து பார்த்தார்.

"மரியாதையோ?"

"ஓம்."

"எங்கட ஊரிலை கதவடியிலை நிண்டு அரை மணித்தியாலம் விடை சொல்லாட்டில் மரியாதை இல்லை. ஒருத்தர் அப்பிடிச் சொல்லாமல் எழும்பிப் போனால், அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் அண்டையோடை முடிஞ்சுது." பிறகு அவர் சிரித்தார், முழுதாக இல்லை. "அக்கா, நான் உங்களை என்னெல்லாம் திட்டினனான் தெரியுமோ? நல்ல வேளை, அரபியிலை."

"இப்ப இங்கிலிசிலை சொல்லும், கேப்பம்."

"இங்கிலிசிலை அவ்வளவு நல்ல சொல் இல்லை."

அந்த இடைவேளை முடிவதற்குள் அவர் மற்றதைச் சொன்னார். நடந்த கொலைகளுக்குச் சாட்சியம் திரட்டும் வழக்கறிஞர்கள் குழுவொன்று ஐரோப்பாவில் இருந்து அவரிடம் பேச நேரம் குறித்திருந்தது. பக்கத்தில் ஒருவரை இருத்திக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவர் என்னைத்தான் கேட்பதாக இருந்தார். என் நடத்தைக்குப் பிறகு, வேறு யாரையும் கேட்க மனமில்லாமல், அந்த நேரத்தையே இரத்துச் செய்யச் சொல்லி எழுதப்போயிருக்கிறார்.

"ஏன் வீட்டு ஆக்களிலை ஒராள் இருக்கக்கூடாது?"

"அவை கூட்டிச் சொல்லச் சொல்லுவினம் அக்கா. இத்தனை பேர் வந்தவை எண்டு சொல்லு, வெளிநாட்டான் நிண்டவன் எண்டு சொல்லு எண்டு. நான் ஒண்டையும் காணேல்லை. கேட்டது மட்டும்தான்."

ஆட்கள் படலையடிக்கு வந்தபோது தம்பி அவருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். பேச நேரம் கிடைக்கவில்லை. தொலைபேசியை அணைக்காமல் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார். இங்கே நோபல் பார்க் வீட்டு வரவேற்பறையில் நின்றுகொண்டு தோழி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கேட்ட குரல்களில் ஒன்று தெரிந்த குரல். அது பக்கத்து வீட்டுப் பெடியனுடையது. தோழியே கணக்குச் சொல்லிக் கொடுத்த பிள்ளை.

"அவன் ரெண்டு வசனம் சொன்னவன். முதல் 'இந்த வீடுதான்' எண்டு சொன்னவன். பிறகு, எல்லாம் முடிஞ்ச பிறகு, 'பிள்ளையளை விடுங்கோ' எண்டு சொன்னவன். பிள்ளையளை விட்டவங்கள். தம்பியின்ரை மனுசியையும் விட்டவங்கள்."

அந்தப் பையனின் தகப்பனைப் பழைய ஆட்சி பிடித்துக்கொண்டு போனது, அவர் திரும்பி வரவேயில்லை என்றும் சொன்னார். "கொண்டுபோனது எங்களுக்குக் கேட்டது. அண்டைக்கு எங்கட வீட்டுக் கதவு திறக்கேல்லை."

மைத்துனியும் பிள்ளைகளும் இன்னும் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள். போவதற்கு இடமில்லை. அந்தப் பையனின் தாய், நடந்ததற்குப் பிறகு, தினமும் காலையில் ரொட்டி சுட்டு மைத்துனி வீட்டு வாசலில் துணியால் மூடி வைத்துவிட்டுப் போகிறார். ஒன்றும் பேசுவதில்லை. மைத்துனி எடுத்துக்கொள்கிறார், அவரும் ஒன்றும் பேசுவதில்லை. வேறு வருமானம் கிடையாது.

"மகன்ரை பேர் வெளியிலை வந்தால் ரொட்டி நிக்கும். ரொட்டியோடை நிண்டால் பரவாயில்லை," என்றார். "சொல்லாமல் விட்டால் தம்பியை ஆரோ சுட்டது மாதிரி ஆகிப்போகும். ஆரோ எண்டு ஒருத்தரும் இல்லை அக்கா. கதவைக் காட்டினவனுக்குப் பேர் இருக்கு."

எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. என் அண்ணாவை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனது யார் என்று அம்மா கண்டவர். எங்கள் நாட்டில் காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க ஒரு ஆணைக்குழு முடிய இன்னொன்று வரும். அம்மா ஒவ்வொன்றுக்கும் கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு போய் அதையே சொல்லிவிட்டு வருவார். இதைத் தோழியிடம் ஒரு தடவை சொல்லியிருந்தேன். அவர் மறக்கவில்லை.

"உங்கட அம்மா சொன்னதாலை என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை."

"பிறகும் ஏன் போனவ?"

அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். "கேக்கிறதுக்கு ஒராள் கதிரை போட்டு இருந்தால், அவவாலை போகாமல் இருக்க ஏலாது," என்றேன். அது போதுமான பதிலா என்று எனக்கு இப்போதும் தெரியாது.

குறித்த சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தோம். தோழியின் வீட்டில் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்ததால் இங்கே வைத்தோம். இடையில் ஒரு முறை, சொல்லப்போவதைச் சொல்லிப் பார்க்கிறேன், கேளுங்கள் என்று என்னைக் கேட்டிருந்தார். ஒத்திகை பார்க்கக்கூடாது என்று வழக்கறிஞர் எழுதியிருந்ததால் நான் மறுத்துவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. மொழிபெயர்ப்பாளரை அவர் வேண்டாம் என்றார். அரபியில் வாயைத் திறந்தவுடன் ஒருவர் எந்த ஊர், எந்தப் பிரிவு என்று மற்றவருக்குத் தெரிந்துவிடுமாம், தெரிந்த பிறகு நாக்கு எழும்பாதாம். ஆங்கிலத்திலேயே சொல்வதாக ஒத்துக்கொண்டார். என் கணவர் தேத்தண்ணி வைத்துவிட்டு, "நான் பின்னுக்குப் புல்லு வெட்டுறன். மெசின் போட மாட்டன், கையாலை வெட்டுறன்," என்று சொல்லி வெளியே போனார். எங்கள் வீட்டில் கையால் வெட்டும் அளவுக்குப் புல் இல்லை.

திரையில் வழக்கறிஞர், நடுவயதுப் பெண், நிதானமான குரல். பக்கத்தில் இருப்பவர் பேசக்கூடாது என்று எனக்குச் சொன்னார். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டே இருந்தேன்.

தோழி தொடக்கத்திலிருந்து சொன்னார். எது கேட்டது, எது பிறகு மைத்துனி சொன்னது என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார். எத்தனை பேர் என்று கேட்டதற்குத் தெரியாது என்றார். என்ன உடுப்பு என்று கேட்டதற்கு, தொலைபேசியில் உடுப்புத் தெரியாது என்றார். அந்தப் பெடியனின் குரல் வரை வந்ததும் நிறுத்தினார்.

வழக்கறிஞர் காத்திருந்தார். பின்பக்கத்தில் புல் வெட்டும் சத்தமும் நின்றிருந்தது.

"நான் அவன்ரை பேரைச் சொன்னால், அவனைக் கேப்பினமோ? அவன் பதில் சொல்லுறதுக்கு ஒரு இடம் இருக்குமோ?"

"வழக்காக வந்தால் இருக்கும். வருமா என்பதை என்னால் சொல்ல முடியாது."

"அந்தத் தெருவுக்கு இது போகாது எண்டு சொல்லுவீங்களோ?"

"பெயர் உள்ள பகுதியைத் தனியாகப் பூட்டி வைப்போம். உங்கள் மைத்துனி அங்கிருந்து வெளியேறும்வரை யாருக்கும் கொடுக்க மாட்டோம். எங்கள் பக்கத்திலிருந்து போகாது. அதற்கு மேல் உறுதி சொன்னால் நான் பொய் சொல்கிறேன்."

தோழி என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகத்தில் எதையும் காட்டாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சொல்லும் என்றும் தோன்றியது, சொல்லாதேயும் என்றும் தோன்றியது. அம்மாவின் கஞ்சிச் சேலை ஒரு பக்கம், துணியால் மூடிய ரொட்டி ஒரு பக்கம். நான் மேசைவிரிப்பைப் பார்த்தேன்.

அவர் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னார். அவன் சொன்ன முதல் வசனத்தை அரபியில் சொல்லி, ஆங்கிலத்திலும் சொன்னார். வழக்கறிஞர் அதை எழுதி முடித்து அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தபோது, கையைத் தூக்கி நிறுத்தினார்.

"முடியேல்லை. ரெண்டாவது வசனம் இருக்கு. ரெண்டையும் சேர்த்துத்தான் எழுதவேணும். ஒண்டை மட்டும் எடுக்கிறதெண்டால் நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

இரண்டாவதையும் எழுதினார்கள். "குரல் நிச்சயமா?" என்று வழக்கறிஞர் கேட்டார்.

"குரல் நிச்சயம். அவன் நிண்டதை நான் காணேல்லை. அவன்ரை கையிலை துவக்கு இருந்ததோ எண்டும் தெரியாது."

எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டினார்கள். ஒரு இடத்தில் "வந்தவர்கள் சுன்னிகள்" என்று இருந்தது. தான் அப்படிச் சொல்லவில்லை, வந்தவர்கள் என்று மட்டும்தான் சொன்னேன் என்று அதை எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள்.

முடிந்ததும் திரை அணைந்தது. தேத்தண்ணி ஆடை பிடித்து ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லிக் கேட்க வாய் எடுத்தேன். அவர் எழும்பினார். கைப்பையை எடுத்தார். வாசலில் சப்பாத்தைப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு சொல்லும் சொல்லாமல் நடந்து போய்க் காரில் ஏறினார்.

நான் திரும்பவும் எதையோ பிழையாகச் செய்துவிட்டேனோ என்று வாசல் வரை ஓடினேன். கணவர் கையில் புல் வெட்டும் கத்தரியோடு வீட்டுப் பக்கவாட்டில் நின்றார்.

"கூப்பிடாதேயும்," என்றார். "அவ தெரிஞ்சுதான் போறா."

கார் தெருமுனையில் திரும்பும்வரை நின்றேன். அன்றைக்கு எங்கள் வீடும் ஒரு செத்த வீடுதான்; என் அண்ணாவும் தோழியின் தம்பியும் அங்கே இருந்தார்கள். அவர் போன விதம் சரிதான். ஆனாலும் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்று என் மனம் கிடந்து அடித்தது. நான் எழும்பி வந்த அன்றைக்கு அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

திங்கட்கிழமை அவர் பழையபடி என் மேசைக்கு வந்துவிட்டார். நான் வாசித்தேன், அவர் கருவிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி "இருக்கு" என்றார். சனிக்கிழமை பற்றி இருவரும் பேசவில்லை. தேநீர் இடைவேளையில் அவர் தொலைபேசியைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னேரம் என்றால் அங்கே காலை.

"ரொட்டி வந்ததோ?" என்று கேட்டேன்.

"வந்தது."

அது இப்போது எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. வழக்கு எதுவும் தொடங்கவில்லை. மைத்துனிக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. அங்கே யாரோ சிலரை விசாரிக்கிறார்கள் என்று செய்தி வரும். அவர்களில் அந்தப் பையன் இருக்கிறானா என்று அவர் தேடுவார், இருக்க மாட்டான். இல்லை என்றதும் அவர் முகத்தில் வருவது ஏமாற்றமா ஆறுதலா என்று இத்தனை நாள் எதிரே நின்றும் எனக்குப் பிடிபடவில்லை. நான் கேட்பது ரொட்டியைப் பற்றி மட்டும்தான். வந்தது என்றால் பெயர் இன்னும் அந்தத் தெருவுக்குப் போகவில்லை. ஒரு நாள் ரொட்டி பிந்தித்தான் வந்தது; கவனம் சிதறி, அன்றைக்கு நாங்கள் இரண்டு தட்டுகளைத் திரும்பச் சரிபார்க்க வேண்டியிருந்தது. மாவு கிடைக்கவில்லையாம், அவ்வளவுதான்.

சில நாட்களில் என்னால் இடைவேளை வரை பொறுக்க முடிவதில்லை. இன்றைக்கும் மதியம் கையுறை போடும்போதே கேட்டுவிட்டேன்.

அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். முதல் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அங்கை இப்பதான் விடியுது அக்கா. நீங்கள் வாசியுங்கோ."